ஒரு வாளியில் வந்த சொல்

ஓய்வு பெற்ற பிறகும் கல்முனை ஆஸ்பத்திரி என்னைத் திகைக்க வைக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. போன மாதம் பழைய சிநேகிதி ஒருத்தியைப் பார்க்க வார்ட்டுக்குப் போனவள், திரும்பி வரும்போது, பெண்களுக்கு நோய் வருமுன் சோதித்துப் பார்க்கிற சுகவனிதையர் கிளினிக்குக்குள் ஒரு எட்டுப் பார்த்தேன். அத்தனை வருஷம் தாதியாக நின்ற கால்கள். அந்த வாசலைக் கண்டால் சும்மா போகுமா? உள்ளே நெற்றியில் பொட்டு வைத்த ஒரு இளம்பெண், கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல், மேசையில் இருந்த தாதியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மிஸ், இடப்பக்கத்து அமானிதத்தில சின்னக் கட்டி மாதிரி ஒண்டு இருக்கு. குளிக்கக்குள்ள கையில பட்டது."

அல்லாவே! நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன்.

அமானிதம் என்றால் எங்கள் முஸ்லிம் பேச்சில், ஒருவரை நம்பி இன்னொருவர் ஒப்படைத்த பொருள். நகையை, வீட்டுத் திறப்பை, சில வேளை பிள்ளையைக்கூட, "அமானிதமா வெச்சிக்கங்க" என்று கொடுப்போம். கேட்கும்போது அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டும். மார்புக்கு அந்தப் பெயர் சொல்கிறவர்கள் சாய்ந்தமருதுக் கடற்கரையில் ஒரே ஒரு ஒழுங்கையில், அந்த ஒற்றைச் சந்தில், இருக்கிற பெண்கள்தான், அதற்கு வெளியே அந்தச் சொல் போயிருக்காது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இந்தப் பெண்ணோ, மேசைக் கொப்பியில் பதிந்திருந்தபடி, சாகாமத்தில் வயல் செய்கிற வீட்டுப் பிள்ளை, சைவக்காரி. அவள் வாயில் இந்தச் சொல் எப்படி வந்தது?

பரிசோதனை முடிந்து அவள் போனதும் தாதிப் பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். மேசையில் இருந்த பர்ஹானா கேட்டாள்: "ராத்தா, நீங்க பழைய ஆள். இந்தச் சொல்லு எங்க இருந்து வந்த? அரபுக் கிதாபில இரிக்கா?" வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன பெண்கள் கொண்டு வந்தது என்றாள் ஒருத்தி. உடம்பு இறைவன் தந்த அமானிதம் என்று பள்ளிவாசல் பிரசங்கத்தில் பயான் பண்ணுகிறார்களே, அதிலிருந்து வந்திருக்கும் என்றாள் இன்னொருத்தி. மூன்றாமவள் போனில் தேடத் தொடங்கிவிட்டாள். போனில் எங்கே கிடைக்கும்? அந்தச் சொல் வெளிநாட்டிலிருந்தும் வரவில்லை, பயானிலிருந்தும் வரவில்லை. மட்டக்களப்பிலிருந்து வந்த பஸ்ஸில், மூடி போட்ட ஒரு வெள்ளை வாளியில், என் மடியில் வந்தது. "எழுதித் தாங்க ராத்தா" என்று அந்தப் பிள்ளைகள் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உடம்பில் பெயர் இல்லாத இடம் கிடையாது என்று படித்தேன், அவ்வளவுதான். வார்ட்டுக்கு வந்த முதல் நாளே அந்தப் படிப்பு எனக்கு உதவவில்லை. அங்கே யாரும் அந்தப் பெயர்களைச் சொல்லவில்லை.

அப்போது எங்கள் வார்ட்டுக்குப் பொறுப்பாக இருந்தவர் சிஸ்டர் தங்கேஸ்வரி, பாண்டிருப்புக்காரி. காலையில் திருநீறு பூசி, வெள்ளைச் சீருடையில் ஒரு மடிப்புக் கலையாமல் வருவார். மற்றவர்கள் கோபம் வந்தால் சத்தம் போடுவார்கள், இவருடைய சத்தம் இறங்கும். சிஸ்டர் குரல் நமக்குக் கேட்காத அளவுக்கு இறங்கிவிட்டால், அன்றைக்கு நம் பாடு முடிந்தது. கோபத்தில் நிற்கும்போது கிட்டே இருக்கிற கட்டில் விரிப்பின் மூலையை எடுத்து, ஏற்கெனவே சரியாக இருப்பதை அவிழ்த்து மறுபடி மடிப்பார்.

புதிதாக வருகிற தாதிகளைத் துணிமணி வைக்கிற அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்துவார். பிறகு உடம்பின் பெயர்களைத் தலையிலிருந்து கால் வரை சொல்ல வைப்பார். முதலில் புத்தகச் சொல், அடுத்து ஊர்ச் சொல், கடைசியில் சிங்களச் சொல். சந்தையில் மரக்கறியின் பெயர் சொல்கிற குரலில் சொல்ல வேண்டும். குரல் இறங்கினால் திரும்ப முதலிலிருந்து. திருநீறு பூசின அந்த நெற்றிக்குக் கீழேயிருந்து என்னென்ன சொற்கள் வந்தன, யா றப்பே! கடற்கரையில் வளர்ந்த நானே அவற்றில் பாதியைக் கேட்டதில்லை. எனக்குக் காது சுட்டது. "என்னகா முகம் சிவக்குது? உனக்கு இல்லாத உறுப்பையா நான் சொல்லுறன்?" என்றார்.

சிஸ்டருடைய சட்டம் இதுதான். "கேக்கிறது அவட சொல்லில. எழுதுறது புத்தகச் சொல்லில. ரெண்டுக்கும் நடுவில சிரிப்பு வரப்படாது."

அந்த அறையில்தான் நம் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று யோசிக்கத் தொடங்கினேன். முழங்காலில் இருப்பது சிரட்டை, தேங்காய் துருவியபின் மிஞ்சுகிற அதே சிரட்டை. காலின் பின்பக்கச் சதை கெண்டை, வாவியில் பிடிக்கிற மீன். ஆண் பிள்ளைக்கு இருப்பது குஞ்சு. அதே பிள்ளை வளர்ந்து மீசை வைத்துவிட்டால் அது சாமான், சந்தையிலிருந்து பையில் கொண்டுவருவதும் சாமான்தான். பெண்களிடம் கேட்டால் "அவ்றத்து" என்பார்கள். மறைக்க வேண்டிய இடம் என்று அரபில் அர்த்தம். மரியாதையான சொல்தான், ஆனால் தொப்புளுக்குக் கீழே எங்கே நோகிறது என்று அதை வைத்து எந்த டொக்டர் கண்டுபிடிப்பார்?

இதிலெல்லாம் பெரிய அதிர்ச்சி மார்புதான். பிள்ளைக்குப் பால் கொடுக்கிற காலத்தில் "பால் கட்டிட்டு", "பால் நோகுது" என்று பெண்கள் கூச்சமில்லாமல் சொல்லுவார்கள். பிள்ளை பால் மறந்த நாளோடு அந்த இடத்துக்கே பெயர் இல்லாமல் போய்விடும். கடற்கரையில் ஆண்கள் ஏசுவதற்கு வைத்திருக்கிற சொற்கள் உண்டு. அவற்றை எந்தப் பெண் தன் உடம்புக்குச் சொல்லுவாள்?

ஆசியா வந்தபோது, சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து போய் இரண்டொரு வருஷம் ஆகியிருந்தது. நாற்பது வயது இருக்கும், மெலிந்த உடம்பு. கூட வந்தவர் அவளுடைய புருஷன் ஆதம்பாவா. அவரைத் தெரியாதவர் எங்கள் கரையில் இல்லை. கரைவலை இழுக்கிறவர்களுக்குக் குரல் கொடுக்கிற ஆள். கயிறு சிக்கினாலும், ஆள் பிந்தினாலும், மீன் தப்பினாலும், அவர் வாயில் வராத உறுப்பு மனித உடம்பில் கிடையாது. கடற்கரை வீதியில் இருந்த எங்கள் வீட்டில், வலை இழுக்கிற நேரம் வந்தால் உம்மா ஜன்னலைச் சாத்திவிடுவா.

அப்படிப்பட்ட மனிசன் வெளிநோயாளர் டொக்டருக்கு முன்னால் ஆட்டுக்குட்டி மாதிரி நின்றார். "மேலுக்குச் சுகமில்ல டொக்டர்." எங்கே நோகிறது? "பொதுவா." எப்போதிருந்து? "கொஞ்ச நாளா." ஆசியா தலை குனிந்து அவருக்குப் பின்னால் நின்றாள். அதற்கு முன்னும் வந்து, இதையே சொல்லி, குளிசை வாங்கிப் போயிருக்கிறார்கள். அந்த டொக்டர் சிஸ்டரிடம் சொல்லியனுப்ப, சிஸ்டர் என்னைப் போகச் சொன்னார்.

ஆசியாவைத் திரைக்குப் பின்னால் கூட்டிப் போனேன். "எங்க புள்ள நோகுது? என்னட்டச் சொல்லு." அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "சொல்ல ஏலாட்டிக் காட்டு." எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு: நோயைத் தன் மேலில் தொட்டுக் காட்டக் கூடாது, காட்டினால் அது அங்கேயே குந்திவிடும். ஆசியா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ஒரு விரலை நீட்டி, என் சீருடையில் இடப்பக்கம் குத்தியிருந்த கடிகாரத்தைத் தொட்டாள்.

"பத்தரையாகுது" என்றேன் நான்.

அவள் இல்லை என்று தலையாட்டி, திரும்பவும் அதையே தொட்டாள். இந்த முறை விரலை எடுக்கவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது.

சட்டையை விலக்கினால் மஞ்சளும் ஏதோ இலையும் அரைத்துக் கட்டிய சீலை. அதைக் கழற்றினேன். ஒரு பக்கத்துத் தோல் தோடம்பழத் தோல் போலக் குழிகுழியாகச் சுருங்கியிருந்தது. உள்ளே கல் மாதிரிக் கட்டி. எப்போதிருந்து என்று கேட்டேன். போன நோன்புக்கு முந்தி என்றாள்.

"யா அல்லாஹ்! ஏன் புள்ள இவ்வளவு நாளும் சொல்லாம இருந்த?"

"என்னண்டு சொல்லுற மிஸ்?" என்றாள். கோபமோ அழுகையோ இல்லை, உண்மையாகவே கேட்டாள். "எத்தினயோ தரம் அவருக்குப் பக்கத்தில போய்க் குந்தினன். வாயத் துறந்தா அதுக்கு ஒரு பேரும் வரல்ல. சின்னவன் பால் மறந்தாப்புறம் அதுக்குப் பேரே இல்லியே மிஸ்."

எங்கள் சத்திரசிகிச்சை நிபுணர் தென்பகுதிச் சிங்களவர், சாந்தமான மனிசர். சோதனைகள் முடிந்ததும் சிஸ்டரை மொழிபெயர்க்கச் சொல்லி, புருஷனையும் பொஞ்சாதியையும் இருத்தி விளக்கினார். அந்தப் பக்கத்தை முழுதாக எடுத்துவிட வேண்டும். எடுத்தால் ஆள் தப்பும், விட்டால் அடுத்த பெருநாளைக் காண்பது சந்தேகம். ஆதம்பாவாவின் கண் கலங்கியது. "எடுங்க டொக்டர். எங்க சைன் வெக்கிற?" என்றார் உடனே.

ஆசியா ஒன்றுதான் கேட்டாள். "எடுக்கிறத்த என்ன செய்வீங்க?"

ஆய்வுகூடத்துக்குப் போகும், பார்த்து முடிந்ததும் மற்றக் கழிவுகளோடு எரித்துவிடுவார்கள். அதுதான் வழமை. சிஸ்டர் அதை மறைக்கவில்லை, உள்ளபடி சொன்னார். ஆசியா முந்தானையை இழுத்துவிட்டு எழும்பினாள்.

"அப்ப வேணாம். வாங்க போவம்."

"ஏய், உனக்கென்ன விசரா?" ஆதம்பாவா பதறிப்போனார். "உசிருக்கு மேலயாடி அது?"

"என்ட உம்மாவக் கடல் கொண்டு போச்சி" என்றாள் ஆசியா. "அடக்க ஒரு நகம் கிடைக்கல்ல. மையவாடி மதிலடியில நிண்டு எந்த மண்ணப் பாத்து துஆக் கேக்கிறண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியா. என்ட மேலில ஒண்டக் குப்பையோட எரிக்கிறண்டா, எனக்கு ஒப்பரேசன் வேணாம். நான் முழுசாவே மௌத்தாப் போறன்."

இதில் கொடுமை என்னவென்றால், கேட்டது ஒன்றும் புதுமையில்லை. சீனி வியாதியில் கால் எடுத்தால் அதை வீட்டாரிடம் கொடுத்துவிடுவோம். வெள்ளைத் துணியில் சுற்றி மையவாடியில் அடக்குவார்கள். எத்தனை கால்களை நானே என் கையால் கொடுத்திருக்கிறேன்! ஆனால் மார்பைத் தாருங்கள் என்று ஒரு பெண்ணும் அதுவரை கேட்டதில்லை. கேட்பதென்றால் பெயர் சொல்ல வேண்டுமே. இத்தனை வருஷமாக எத்தனை பெண்கள் கேட்க நினைத்து, வாய் வராமல் எழும்பிப் போனார்களோ!

சிஸ்டர் பக்கத்துக் கட்டிலின் விரிப்பு மூலையை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தார். சத்தம் நன்றாக இறங்கிவிட்டது. டொக்டரிடம் சிங்களத்தில் இரண்டு வார்த்தை சொன்னார். அவர் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். சிஸ்டர் ஆசியாவின் பக்கம் திரும்பினார்.

"இஞ்ச பார் புள்ள. ஆய்வுக்கு அனுப்பாம விட ஏலாது. பொறகு என்ன மருந்து தாறதெண்டு அதப் பாத்தாத்தான் தெரியும். ஆனா அது உன்ட உடம்பு, குப்பையில்ல. அவங்க பாத்து முடிச்ச உடன எங்கட ஆள் போய் எடுத்துக்கொண்டு வரும்."

"எந்த ஆள் சிஸ்டர்?" என்று கேட்டது நான்தான்.

"நீதான்."

ஆசியா என் கையைப் பிடித்தாள். "மிஸ், உங்கட கையில அமானிதமாத் தாறன். திருப்பித் தந்திரணும்." இன்ஷா அல்லாஹ் என்றேன். அவள் கையை விடவில்லை. "இன்ஷா அல்லாவும் சொல்லுங்க, தாறனெண்டும் சொல்லுங்க." சொன்னேன். அதற்குப் பிறகுதான் பெருவிரல் அடையாளம் வைத்தாள்.

ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது. எடுத்தது மட்டக்களப்பு ஆய்வுகூடத்துக்குப் போனது. எனக்குத்தான் கொடுத்த வாக்கு நினைவாகவே இருந்தது. அவள் கேட்கிற நேரம் திருப்பிக் கொடுக்கத்தானே வேண்டும்? சிஸ்டர் ஒவ்வொரு நாளும் ஆய்வுகூடத்துக்குப் போன் எடுத்து, அந்த இறங்கின குரலில், அது அங்கேதான் இருக்கிறதா என்று கேட்பார். ஒரு காலையில் போனை வைத்துவிட்டு, "இண்டைக்கு எரிக்கிறதுக்கு எல்லாம் ஏத்துறாங்களாம். ஓடு" என்றார். சீருடை மாற்றக்கூட நிற்காமல் பஸ் ஏறினேன்.

ஆய்வுகூடத்து ஊழியர் என்னைப் பார்த்துத் திகைத்தார். வெளியே அடுக்கியிருந்த வாளிகளில் ஒன்றைத் தேடி எடுத்து, லேபிலைப் படித்துக் காட்டி, "இதக் கேட்டு ஒரு ஆள் வந்தது இதுதான் முதல் தரம்" என்றார். மூடி போட்ட வெள்ளை வாளி. உள்ளேயிருந்து போர்மலின் வாடை கண்ணைக் கரித்தது. ஒரு துணிப் பையில் போட்டுக்கொண்டு கல்முனை பஸ்ஸில் முன் சீட்டில் இருந்து, மடியில் வைத்துக்கொண்டேன்.

அந்தக் காலத்தில் வழியில் சோதனைச்சாவடி. எல்லோரும் பையோடு இறங்கி, வரிசையில் நடந்துபோய் மறுபடி ஏற வேண்டும். நான் அதை அடியோடு மறந்துவிட்டிருந்தேன். ஒரு இளம் ஆமிக்காரன் என் பையைப் பார்த்து, தெரிந்த அரைகுறைத் தமிழில் கேட்டான்.

"என்ன இது?"

"ஆஸ்பத்திரிச் சாமான்" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொல்லைச் சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

"திறங்க."

எனக்குப் பின்னால் பஸ் ஆட்கள் முழுக்க நிற்கிறார்கள், அத்தனையும் ஆண்கள். நம்பித் தந்த அமானிதத்தை இவ்வளவு பேருக்கு முன்னால் திறந்து காட்டுவதா? ஆசியா புருஷனுக்கே காட்டாமல் வைத்திருந்ததை? மூடியில் இருந்த என் கை அசையவில்லை. அவன் துவக்கை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, தானே திறக்கக் குனிந்தான். அந்த நேரம் துணிமணி அறைதான் என் நினைவுக்கு வந்தது. மரக்கறியின் பெயர் சொல்கிற குரலில் சொன்னேன்.

"திறக்க ஏலாது. இது ஒரு பொம்பிளைட மார்பு. வருத்தத்தில வெட்டி எடுத்தது. அடக்கக் கொண்டு போறன்."

அவனுக்கு விளங்கவில்லை. சிஸ்டர் சொல்லித் தந்த சிங்களச் சொல்லில், அதே குரலில் இன்னொரு தரம் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. எப்படி நடுங்காமல் இருந்தது என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

அந்தப் பையனின் முகம் வெளுத்துவிட்டது. நீட்டின கையை மெல்லப் பின்னுக்கு எடுத்து, போகச் சொல்லிச் சைகை காட்டினான். என் பின்னால் சாரம் மூட்டையோடு நின்ற மருதமுனைப் பெரியவர் ஒருவர், மௌத்துச் செய்தி கேட்டால் ஓதுகிற "இன்னா லில்லாஹி"யை ஓதுவது கேட்டது. மறுபடி பஸ்ஸில் ஏறினபோது கல்முனை வரை என் பக்கத்தில் யாரும் இருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சிஸ்டர் அதைத் தண்ணீரில் கழுவி, புதுத் துணியில் தன் கையால் சுற்றினார். கட்டில் விரிப்பை மடிக்கிற அதே மடிப்பு. "உங்கட முறையில இது சரியா?" என்று என்னிடம் ஒரு தரம் கேட்டார். சரி என்றேன். ஆதம்பாவா தொப்பி போட்டு வந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஆசியா கட்டிலில் இருந்து என்னையே பார்த்தாள். "போய் முடியுமட்டும் பாத்துட்டு வாங்க மிஸ்" என்றாள்.

எங்கள் பெண்கள் மையவாடிக்குள் போவதில்லை. நான் வெளி மதிலோரம் வீதியில் நின்றேன். வாசலில், பள்ளிவாசலை நிர்வகிக்கிற மரைக்கார் இன்னும் சில ஆட்களோடு நின்றார்.

"என்ன ஆதம்பாவா, ஆரு மௌத்து? பள்ளியில ஒண்டும் அறிவிக்கல்லியே?"

"மௌத்து இல்ல மரைக்கார். ஒண்டு அடக்கோணும்."

"காலா? கையா?"

"கால் இல்ல. கையும் இல்ல."

மரைக்கார் பொதியைப் பார்த்தார். மற்றவர்களும் பார்த்தார்கள். ஆதம்பாவாவின் கழுத்து நரம்பு புடைத்தது, வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. ஒரு கரைக்கே கேட்கிற குரல் அது! அந்த இடத்துக்கு அவரிடம் இல்லாத சொல்லா? எத்தனையோ சொல் வைத்திருந்தார். எல்லாவற்றையும் அவரே கடற்கரையில் வாரி இறைத்து அழுக்காக்கி வைத்திருந்தார். பொஞ்சாதியின் மேலில் வைக்கத் தகுந்த சொல் அதில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மதிலுக்கு வெளியே நின்ற எனக்கு அழுகை வந்துவிட்டது. சொல்லுங்களேன் மச்சான், ஏதாவது சொல்லுங்களேன் என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"பொஞ்சாதிட அமானிதம், மரைக்கார்" என்றார்.

மரைக்கார் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. சுவரில் சாத்தியிருந்த மண்வெட்டியைத் தானே எடுத்துக்கொண்டு, "வாங்க" என்று முன்னால் நடந்தார்.

அந்தச் சொல் அங்கேதான் பிறந்தது, பர்ஹானா. ஆசியா சாதாரணமாகச் சொன்ன சொல், ஒப்படைக்கிற எந்தப் பொருளுக்கும் நாம் சொல்கிற சொல். பொறுப்பை ஏற்று நடந்தது நான், வாய் திறந்து அந்த இடத்துக்கே அதைப் பெயராக வைத்தது ஆதம்பாவா. அங்கே நின்ற ஆண்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். ஆசியா வீடு திரும்பியதும் ஒழுங்கைப் பெண்கள் பார்க்க வந்தார்கள். "அமானிதம் அடங்கிட்டா ராத்தா?" என்று கேட்டார்கள். கேட்டுவிட்டு எழும்பிப் போகாமல் குந்திக்கொண்டே இருந்தார்களாம். கடைசியில் ஒருத்தி மெதுவாக, "எனக்கும் அமானிதத்தில ஒரு நோவு" என்றாளாம்.

அதற்குப் பிறகு வார்ட்டுக்கு அந்த ஒழுங்கையிலிருந்து ஒருத்திக்குப் பின் ஒருத்தி வந்தார்கள். நான் மலைத்துப்போனேன். இவ்வளவு பேரும் எங்கே இருந்தார்கள், ஒரு சொல் கிடைக்கட்டும் என்றா காத்திருந்தார்கள்? பலருக்கு ஒன்றுமில்லை. சிலருக்கு இருந்தது, ஆனால் நேரத்தோடு வந்திருந்தார்கள். சிஸ்டர் அடுத்த தடவை புதுப் பிள்ளைகளைத் துணிமணி அறைக்குக் கூட்டிப்போனபோது ஊர்ச் சொற்களோடு இதையும் சேர்த்துவிட்டார். "இதச் சொல்லக்குள்ள மட்டும் குரல் கொஞ்சம் இறங்கினாப் பரவாயில்ல" என்றார். அவர் விதிவிலக்குக் கொடுத்து நான் கண்டது அந்த ஒரு சொல்லுக்குத்தான். அந்தப் பிள்ளைகள் மாற்றலாகிப் போன ஊர்களுக்குச் சொல்லும் கூடவே போயிருக்கும் என்று இப்போதுதான் விளங்குகிறது. ஆதம்பாவா கரைவலைக்குத் திரும்பினார். அதே குரல்தான், ஆனால் அதற்குப் பிறகு மீன்களை மட்டும்தான் ஏசினார் என்று கரையில் சொல்லிச் சிரிப்பார்கள்.

சாகாமத்துப் பெண்ணைக் கண்ட அன்றைக்கே நான் சாய்ந்தமருதுக்குப் போனேன். ஆசியா இருக்கிறாள், அல்ஹம்துலில்லாஹ். தலை நரைத்துவிட்டது. ஆதம்பாவா மௌத்தாகிச் சில வருஷம். பேத்தி தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தாள். கிளினிக்கில் கேட்டதை ஒன்று விடாமல் சொன்னேன், பொட்டு வைத்த பெண் சொன்னதையும் சேர்த்து.

"அல்லாவே!" ஆசியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "என்ட பண்டத்தப் பத்தியா மிஸ் ஊரெல்லாம் கதைக்கிது? சாகாமம் மட்டுக்குமா?" வெட்கமா சிரிப்பா தெரியவில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அடக்கியாச்செண்டுதானே நான் நினச்சிக்கிட்டு இரிக்கன்!"

முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு கேட்டாள். "அந்தப் புள்ளைக்குக் கட்டி பெரிசா மிஸ்?"

"இல்ல. பட்டாணிக் கடலை அளவுதான். குளிக்கக்குள்ள கையில பட்ட உடன வந்திட்டா."

"உடன வந்திட்டாவா?"

"ஓம்."

பேத்தி கதவுநிலையில் சாய்ந்து கேட்டுக்கொண்டு நின்றாள். "எதப் பத்திக் கதைக்கிறீங்க உம்மம்மா?" என்றாள். ஆசியா என் பக்கம் பார்த்தாள். முன்பு கடிகாரம் குத்தியிருந்த இடத்தை அவள் கண் தேடியது. இப்போது அங்கே ஒன்றும் இல்லை. அவள் முந்தானையை விலக்கி, தட்டையாக இருந்த தன் இடப்பக்கத்தில், தன் மேலிலேயே உள்ளங்கையை வைத்தாள்.

"இஞ்ச வா புள்ள" என்றாள். "இதான் என்ட அமானிதம் இருந்த இடம். தொட்டுப் பார்."